விபூதி மடித்த காகிதம் 570 ரூபாய்!

திருவண்ணாமலை தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. பாத்திரக் கடையில் கணக்கு எழுதும் ஒருவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். கணக்கு விளங்குவதற்காக நாம் நினைத்துக்கொள்ளும் குடும்பம் இது.

கணக்கருக்கு நெஞ்சு வலி வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதாயிற்று. நாலு நாள் இருந்தார். “அடுத்த பவுர்ணமிக்குக் கிரிவலம் போகலாமா?” என்று டாக்டரையே கேட்கும் அளவுக்குத் தேறி வீடு திரும்பினார்.

ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டது.

“ஏங்க, மருந்துக் கடையில் நாம் கொடுத்த பணம் போனது போனதுதானா?” என்று மனைவி கேட்டார்.

போகவில்லை, அம்மா! பெரும் பகுதியைத் திரும்ப வாங்கலாம். இதோ விவரம்:

முன்னே 30, பின்னே 60

‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்று ஒரு பாலிசி இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி வந்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அதன் விதிகள் ஒன்றே.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள். இந்த நாட்களில் அதே நோய்க்கு வாங்கிய மருந்துக்கும், எடுத்த பரிசோதனைக்கும் பணம் கேட்கலாம். மொத்தத்தில் நூற்றுக்கு 5 ரூபாய் நம் பங்கு.

மற்ற பாலிசிகளில் இந்த நாள் கணக்கு மாறும். உங்கள் பாலிசியைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கணக்கைப் பாருங்கள்

கணக்கர் முன்னே வாங்கிய மருந்து 1,800 ரூபாய். பின்னே வாங்கியது 3,600 ரூபாய். ஆக 5,400. நம் பங்கு 270. வரவேண்டியது 5,130 ரூபாய்.

ஆனால் கைக்கு வந்தது 4,560 ரூபாய்தான்! ஏன்?

600 ரூபாய் ரசீது ஒன்று காணவில்லை. கோவிலிலிருந்து கொண்டுவந்த விபூதியை வீட்டில் யாரோ அதில் மடித்து வைத்துவிட்டார்கள். மாடத்திலிருந்த பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு காகிதம் போயிற்று. 570 ரூபாயும் அதோடு போயிற்று!

என்ன செய்யவேண்டும்?

டாக்டர் எழுதிய சீட்டும், மருந்துக் கடை ரசீதும் புருஷன் பெண்சாதி போல. ஒன்று இருந்து ஒன்று இல்லையென்றால் பணம் வராது. இரண்டையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள்.

ரசீதில் நோயாளியின் பெயர், தேதி, மருந்தின் பெயர் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். துண்டுக் காகிதத்தில் கூட்டல் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். “பில் போட்டுக் கொடுங்கள்” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது கொடுக்கும் குறிப்பை மறக்காமல் வாங்குங்கள். எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அசல் கம்பெனிக்குப் போய்விடும். படம் உங்களிடம் இருக்கும்.

ஆரோக்கிய சஞ்சீவனியில் கெடு உண்டு. முன்னே வாங்கிய மருந்துக்கு, வீடு திரும்பிய 30 நாளுக்குள் மனுக் கொடுக்கவேண்டும். பின்னே வாங்கியதற்கு, அந்தச் சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் கொடுக்கவேண்டும்.

சர்க்கரை மாத்திரைக்கு?

கணக்கருக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு. ஆறு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். அந்தப் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. ஆஸ்பத்திரியில் சேராமல் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குச் சாதாரண பாலிசியில் பணம் இல்லை. வெளிநோயாளிச் செலவையும் ஏற்கும் பாலிசிகள் சில உண்டு. அவற்றுக்குப் பிரிமியம் கூடுதல். “எல்லாம் கிடைக்கும்” என்று ஏஜெண்டு சொன்னால், “எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?” என்று கேளுங்கள்.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது! அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கியது. விலை குறைந்த மருந்து விற்கும் ‘முதல்வர் மருந்தகம்’ கடைகள் 2025 பிப்ரவரி 24-ந் தேதி திறக்கப்பட்டன. மத்திய அரசாங்கத்தின் ‘மக்கள் மருந்தகம்’ கடைகளும் உண்டு.

பணம் தர மறுத்தால்?

முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் எழுதவேண்டும்.

கணக்கர் வீட்டில் இப்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. மருந்துச் சீட்டுகள் எல்லாம் அதற்குள். விபூதி மடிக்கப் பழைய காலண்டர் தாள்.

உங்கள் வீட்டு மாடத்தையும் ஒரு தடவை பாருங்கள். எந்தப் பொட்டலத்தில் எத்தனை ரூபாய் இருக்கிறதோ!