கடைசியில் பூச வேண்டிய சோஸ்

ஹஜ்ஜுப் பெருநாளின் இரண்டாம் நாள் மாலை எங்கள் வீட்டு முற்றத்தில் இறைச்சி சுடுவது சில வருடங்களாக வழக்கமாகிவிட்டது. நானா செங்கற்களை அடுக்கிச் சிரட்டைக்கரியை மூட்டுவார். உம்மா இறைச்சியைத் துண்டுகளாக்கித் தருவார். கடந்த வருடம் அந்த வேலையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கட்டாரில் வேலை செய்யும் வாப்பா இரண்டு வருடங்களின் பின் விடுமுறையில் வந்திருந்தார். அவருக்கு என் கையால் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கடையில் ஒரு போத்தல் பார்பிகியூ சோஸ் வாங்கினேன். முதல் நாள் இரவே இறைச்சித் துண்டுகளை அதில் முழுவதுமாக ஊற வைத்தேன். நன்றாக ஊறினால் நன்றாகச் சுவைக்கும் என்பது என் கணக்கு. தணலில் வைத்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் எல்லாம் கறுத்துவிட்டது. ஒன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை இரத்தம். இன்னும் கொஞ்சம் சுட்டபோது வெளியே கரியாகவே போனது.

அது குர்பான் இறைச்சி. மூன்று பங்காகப் பிரித்து, ஏழைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தபின் எங்கள் பங்காக இருந்தது. உம்மும்மா கத்தியால் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாப்பா ஒரு துண்டை எடுத்து மென்றபடி, "பரவாயில்ல மகள்" என்றார். அடுத்த வாரம் அவர் கட்டாருக்குப் போய்விட்டார். நான் உருப்படியாக ஒன்றும் செய்து கொடுக்கவில்லையே என்ற கவலை எனக்குள் தங்கிவிட்டது.

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் நான், ஏன் கரிந்தது என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான். தேடியதில் சோஸை வீட்டிலேயே செய்யவும் பழகிக்கொண்டேன். தோழியரே, நான் பட்டுப் படித்ததை உங்களுக்கு எழுதுகிறேன்.

சோஸ் எங்கிருந்து வந்தது?

கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்கள், நெருப்புக்கு மேலே மரக்கொம்புகளால் பரண் கட்டி அதில் மீனையும் இறைச்சியையும் வாட்டினார்கள். அதற்குரிய சொல்லை ஸ்பானியர் 'பார்பகோவா' என்று எடுத்துக்கொண்டனர். அதுவே ஆங்கிலத்தில் பார்பிகியூ ஆனது.

இன்று நாம் அறிந்த சோஸ் வகைகள் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அவற்றை அண்டிய பகுதிகளிலும் வளர்ந்தவை. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினாகிரியும் மிளகாயும் மட்டும் சேர்ந்த, தண்ணீர் போன்ற சோஸ். தென் கரோலினாவில் கடுகு சேர்த்த மஞ்சள் சோஸ். அலபாமாவின் வடக்கில் மயோனைஸில் வினாகிரி கலந்த வெள்ளை சோஸ். கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் மொலாசஸ் எனும் கரும்புப் பாகும் சேர்ந்த தடித்த சோஸ். நம் கடைகளில் போத்தலில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை.

நிறமும் தடிப்பும் வேறுபட்டாலும் நான்கிலும் வினாகிரி இருக்கிறது. கொழுப்புள்ள இறைச்சியின் திகட்டலை வெட்டுவது புளிப்பு. ஆகவே இந்த சோஸின் முதுகெலும்பு இனிப்பு அல்ல, புளிப்புத்தான். வினாகிரி நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் அதைச் சிறந்த தொடுகறி என்று புகழ்ந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது.

போத்தல் வாங்குவோர் லேபலை வாசிக்க வேண்டும். வெளிநாட்டுச் சோஸ்கள் சிலவற்றில் விஸ்கி சேர்க்கிறார்கள். வீட்டில் செய்தால் அந்தச் சந்தேகம் இல்லை.

என்ன பொருள், என்ன வேலை?

ஒன்றரைக் கோப்பை சோஸுக்கு நான் எடுக்கும் அளவு இது:

நன்கு பழுத்த தக்காளி 1 கிலோ
பெரிய வெங்காயம் 1
உள்ளி 4 பல்
வினாகிரி மூன்றில் ஒரு கோப்பை
கித்துள் பாணி கால் கோப்பை
சீனி 2 மேசைக்கரண்டி
கெட்டியான புளிக்கரைசல் 2 மேசைக்கரண்டி
கொச்சிக்காய்த் தூள் 1 தேக்கரண்டி
மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி
அரைத்த கடுகு 1 தேக்கரண்டி
மாசித்தூள் அரைத் தேக்கரண்டி
கறுவாப்பட்டை ஒரு சிறு துண்டு
உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி
எண்ணெய் 1 மேசைக்கரண்டி

தக்காளி சோஸுக்கு உடலைக் கொடுக்கிறது. மொலாசஸுக்குப் பதிலாகக் கித்துள் பாணி. எங்கள் மாவனல்லைப் பக்கத்தில் அது இலகுவாகக் கிடைக்கும். அதற்கென்று ஒரு புகை வாசம் இருப்பதால் இந்த சோஸுக்கு அது அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.

பல அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வூஸ்டர் சோஸ் என்று ஒன்று கேட்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புளியும், உப்பில் ஊறிப் பதமான நெத்தலி வகை மீனும் அதன் முக்கிய பொருட்கள். புளியும் மாசியும் எங்கள் குசினியில் எப்போதும் உண்டு. மீன் வாசம் பிடிக்காதவர்கள் மாசியை விட்டுவிடலாம்.

வினாகிரி வாங்கும்போது தென்னை வினாகிரியா, செயற்கை வினாகிரியா என்று பாருங்கள். முன்னையது நொதித்தலால் உருவாவது. பின்னையது அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. புளிப்பு இரண்டிலும் உண்டு, வாசம் முன்னையதில்தான் உண்டு.

செய்முறை

தக்காளியை நான்காக வெட்டி, தண்ணீர் விடாமல் மூடி, சிறு தீயில் 15 நிமிடம் அவியுங்கள். மசித்து வடிகட்டினால் தோலும் விதையும் நீங்கிவிடும். வேறொரு சட்டியில் எண்ணெய் விட்டு, பொடியாக வெட்டிய வெங்காயத்தைப் பொன்னிறமாகும்வரை மெதுவாக வதக்குங்கள். அவசரப்பட்டால் வெங்காயம் கரிந்து சோஸ் முழுவதும் கசக்கும். பிறகு நசுக்கிய உள்ளியைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளறுங்கள்.

இப்போது வடித்த தக்காளி, கறுவா, கொச்சிக்காய், மிளகு, கடுகு, மாசி, புளி, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துத் திறந்த சட்டியில் 25 நிமிடம் கொதிக்க விடுங்கள். அதன்பின் பாணி, சீனி, வினாகிரி சேர்த்து இன்னும் 15 நிமிடம். இனிப்பைப் பிந்திச் சேர்ப்பது அடிப்பிடிக்காமலிருக்க. வினாகிரியைப் பிந்திச் சேர்ப்பது அதன் வாசம் ஆவியோடு போகாமலிருக்க.

அலுமினியச் சட்டி வேண்டாம். அமிலம் அதோடு தாக்கமுற்று உலோகச் சுவை தரும். மண்சட்டி அல்லது துருப்பிடிக்காத உருக்குச் சட்டி நல்லது.

பதம் பார்க்க, அகப்பையின் பின்புறத்தில் படிந்த சோஸில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் போதும். ஆறும்போது இன்னும் தடிக்கும். கறுவாவை எடுத்துவிட்டு, மழமழப்பாக வேண்டுமானால் அரைத்துக்கொள்ளுங்கள்.

சுவை பார்ப்பதும் ஆறிய பின்புதான். சூட்டில் இனிப்பு கூடுதலாகத் தெரியும். மிகவும் புளித்தால் சிறிது பாணி, திகட்டினால் சிறிது வினாகிரி.

கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அமிலமும் சீனியும் நுண்ணங்கிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆனாலும் வீட்டில் பீஎச் பெறுமானத்தை அளந்து பார்க்க வழியில்லாததால், நாங்கள் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவோம்.

ஏன் கரிந்தது?

இனி என் தவறுக்கு வருகிறேன். சுக்குரோசு, அதாவது நாம் பாவிக்கும் சீனி, ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் உருகிப் பழுப்பாகத் தொடங்கும். பிரக்டோசு என்ற பழச்சீனிக்கு 110 பாகையே போதும். அந்த அளவில் நிறமும் மணமும் வரும். அதையும் தாண்டிச் சூடேறினால் நீர் வெளியேறி, கசப்பான காபன்தான் எஞ்சும். சிரட்டைத் தணலின் வெப்பமோ இந்த எண்களையெல்லாம் எங்கோ தாண்டியது.

மறுபுறம், இறைச்சியின் உட்பகுதியில் நீர் நிறைந்திருப்பதால் அங்கே வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். வெளியே பூசிய சீனிக்கு ஐந்து நிமிடம் அதிகம். உள்ளே இருக்கும் இறைச்சிக்கு ஐந்து நிமிடம் போதாது. இரண்டையும் ஒரே நேரத்தில் நெருப்பில் வைத்ததுதான் நான் செய்த பிழை. சோஸிலும் குற்றமில்லை, நெருப்பிலும் குற்றமில்லை. வரிசைதான் மாறிப்போனது.

சரியான வரிசை இது. முதலில் இனிப்பில்லாமல் ஊற வையுங்கள். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு உப்பு, மிளகு, இஞ்சி, உள்ளியுடன் ஒரு மேசைக்கரண்டி அரைத்த பப்பாசிக்காய் போதும். அதிலுள்ள பப்பெயின் நொதியம் புரதத்தை உடைத்து இறைச்சியை மெதுவாக்கும். ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்தால் இறைச்சி களியாகிவிடும்.

சுவாலை அடங்கி, தணலின் மேல் சாம்பல் பூத்த பிறகு இறைச்சியை வையுங்கள். அடிக்கடி திருப்பி, உள்ளே வேகும்வரை சுடுங்கள். கோழியானால் உட்பகுதி 74 பாகை செல்சியஸை அடைய வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் தடித்த இடத்தை வெட்டிப் பார்க்கலாம். வெந்த பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில் சோஸை மெல்லியதாக ஒருமுறை பூசித் திருப்பி, மறுபடி ஒருமுறை பூசுங்கள். சோஸ் பளபளத்து ஒட்டிக்கொண்டதும் இறக்கிவிட வேண்டியதுதான்.

ஊறிய பச்சை இறைச்சியில் பட்ட தூரிகையைச் சோஸ் போத்தலுக்குள் விடாதீர்கள். பூசுவதற்கு ஒரு கிண்ணம், தொட்டுச் சாப்பிட இன்னொரு கிண்ணம் என்று பிரித்து வையுங்கள்.

கட்டாருக்குப் போன குறிப்பு

இவ்வருடப் பெருநாளுக்கு வாப்பாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நானா மூட்டிய தணலில் இம்முறை ஒரு துண்டும் கரியவில்லை. உம்மும்மாவுக்குக் கத்தி தேவைப்படவும் இல்லை. வட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்த வாப்பா, "எப்படிச் செய்றதெண்டு எழுதி அனுப்புங்க மகள்" என்றார். அவர் ஆறு பேருடன் ஓர் அறையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் சமையல் அவருடைய முறை.

எழுதத் தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. அங்கே கித்துள் பாணிக்கு எங்கே போவது? ஆனால் அரபு நாட்டுக் கடைகளில் பேரீச்சம்பழப் பாணி தாராளமாக உண்டு. பாணியின் வேலை இனிப்பும் கருமையும் தருவது என்று தெரிந்திருந்ததால், அதையே போடுங்கள் என்று எழுதினேன். ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தேன். கித்துள் பாணியில் பெரும்பாலும் சுக்குரோசு. பேரீச்சம்பழப் பாணியிலோ குளுக்கோசும் பிரக்டோசும். அது இன்னும் விரைவாகக் கறுக்கும். ஆகவே ஐந்து நிமிடம் அல்ல, கடைசி மூன்று நிமிடத்தில் பூசினால் போதும்.

அந்தக் குறிப்புத்தான் வளர்ந்து இந்தக் கட்டுரையாகியிருக்கிறது. மனப்பாடம் செய்த குறிப்பு ஒரு பொருள் இல்லாவிட்டால் நின்றுவிடும். எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மாவனல்லையிலும் செய்யலாம், கட்டாரிலும் செய்யலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வாப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. சிறிய அவனிலிருந்து எடுத்த கோழித் துண்டுகள், சுற்றிவர ஆறு பேருடைய கைகள். கீழே இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்.

"கரியல்ல மகள்."