விண்ணிலிருந்து ஒரு பிடி மண்

உழவர் ஒருவர் தம் நிலத்தின் ஈரத்தை எவ்வாறு அறிகிறார்? ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பார்க்கிறார். உருண்டையாய் நின்றால் ஈரம் உண்டு, உதிர்ந்தால் இல்லை. ஒரு வயலுக்கு இது போதும். ஒரு கண்டம் முழுவதற்கும் பிடி மண் எடுப்பது எங்ஙனம்? பயிர் வாடுமுன்பே வறட்சியை உணர வேண்டுமாயின், இக்கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

விடை மண்ணிலேயே இருக்கிறது. எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்திற்கேற்ப, நம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளை வெளியிடுகின்றன. உலர்ந்த மண் இவற்றை மிகுதியாகவும், ஈர மண் குறைவாகவும் வெளியிடும். இவற்றுள் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் நீளமுள்ள அலை மேகத்தையும் பயிரின் இலைகளையும் ஊடுருவி வருவது. இரவும் பகலும் அதனை அளக்கலாம். மேல்மண்ணின் 5 சென்டிமீட்டர் ஆழத்து ஈரத்தை அது நமக்கு உணர்த்துகிறது.

இந்த மெல்லிய அலையைக் கேட்பதற்காகவே ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009 நவம்பர் 2 அன்று 'ஸ்மாஸ்' என்னும் செயற்கைக்கோளை ஏவியது. அதன் மூன்று கரங்களில் 69 அலைவாங்கிகள் உள்ளன. இந்த அலைவரிசையில் எவரும் அலைபரப்பக் கூடாது என்பது உலக நியதி. எனினும் விதியை மீறிய அலைபரப்பிகள் தொடக்கத்தில் அதன் பணியைப் பெரிதும் குலைத்தன. அவற்றுள் பல பின்னர் நிறுத்தப்பட்டன.

அமெரிக்காவின் 'ஸ்மாப்' 2015 ஜனவரி 31 அன்று விண்ணேறியது. 6 மீட்டர் அகல வலைக்கிண்ணம் சுழல, 685 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டு மூன்று நாட்களில் உலகையே அளக்க வல்லது அது. அலைகளை அனுப்பி எதிரொலி பெறும் ரேடாரும், மண்ணின் அலையை வெறுமனே கேட்கும் கதிர்மானியும் அதில் இருந்தன. அதே ஆண்டு ஜூலை 7 அன்று ரேடார் செயலிழந்தது. நுணுக்கமாகக் காணும் வாய்ப்பு கை நழுவியது. ஆயினும் கதிர்மானி தன் பணியை விடவில்லை. ஐரோப்பாவின் 'சென்டினல்-1' ரேடார் தரவுகளை அதனுடன் இணைத்து, இழந்த நுணுக்கத்தில் ஒரு பங்கை அறிஞர் மீட்டனர்.

கதிர்மானியின் ஓர் அளவீடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலப் பரப்பின் சராசரியாகும். ஏரிப் பாசன வயலும் வானம் பார்த்த மேட்டு நிலமும் அதில் ஒன்றாய்க் கலந்துவிடும். இக்குறையைப் போக்கும் முயற்சியில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கிய 'நிசார்', 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் இரு ரேடார்கள் 12 நாட்களுக்கொருமுறை அதே பாதைக்குத் திரும்பி, நிலத்தை மிக நுணுக்கமாய் நோக்க வல்லவை.

கருவிகள் வட்டாரத்தின் வறட்சியைச் சொல்லும். தண்ணீரைப் பங்கிடுவோர்க்கு முன்னெச்சரிக்கை தரும். ஆயினும் வேர் இறங்கும் ஆழத்தை அவை நேரே காண்பதில்லை. அங்கே மண்ணைத் தோண்டிப் பார்க்கும் உழவர் கை இன்றும் வேண்டும். விண்ணின் அளவும் கையின் அனுபவமும் கூடும்போதே நாம் பயிரைக் காக்க இயலும்.