கரும்பை மட்டும் நம்பாத நிதியமைச்சர்

விழுப்புரம் மாவட்டம் முகையூர் வட்டாரத்தில் கரும்பு பயிரிடும் விவசாயிக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். பயிர் அவருடையது, விலை அவர் கையில் இல்லை. ஆலையும் அரசும் சந்தையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஒரு நாடே இந்த நிலையில் இருந்தால் அதன் நிதியமைச்சர் என்ன செய்ய முடியும்? ஆப்பிரிக்க நாடான மொரீஷியஸில் அந்தக் கேள்வியை 14 ஆண்டுகள் எதிர்கொண்டவர் சர் வீராசாமி ரிங்காடு என்ற தமிழ் வம்சாவளியினர்.

1920-இல் பிறந்த அவர், லண்டனில் சட்டம் பயின்றவர். தொழிலாளர் நலம், கல்வி ஆகிய துறைகளை வகித்தபின், நாடு விடுதலை பெற்ற 1968-இல் நிதியமைச்சரானார். ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி சர்க்கரையிலிருந்தே வந்தது. மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. வேலையின்மை கடுமையாக இருந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் ஜேம்ஸ் மீட், இத்தீவின் எதிர்காலம் குறித்து 1961-இலேயே அவநம்பிக்கை தெரிவித்திருந்தார்.

அந்நாட்டு அரசு இரு வழிகளைக் கைக்கொண்டது. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது. மூலப்பொருள் இறக்குமதிக்குச் சுங்க விலக்கும், முதலீட்டாளர்களுக்கு வரிச்சலுகையும் கிடைத்தன. ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முறையாகச் சம்பளம் வாங்கினர். மறுபுறம், 1975-இல் கையெழுத்தான லோமே உடன்படிக்கையின் சர்க்கரை ஒப்பந்தம், ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் சர்க்கரைக்கு ஐரோப்பியச் சந்தையில் உறுதியான விலையைப் பெற்றுத் தந்தது.

சோதனை செழிப்பின் வடிவில் வந்தது. 1970-களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை உச்சம் தொட்டது. ஊதியம் உயர்ந்தது, மானியங்கள் பெருகின, 1977-இல் இடைநிலைக் கல்வி இலவசமானது. விலை சரிந்தபோது செலவுகள் மட்டும் சரியவில்லை. எண்ணெய் விலையேற்றமும் சேர்ந்துகொள்ள, பன்னாட்டு நிதியத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. 1979-இலும் 1981-இலும் நாணய மதிப்பு குறைக்கப்பட்டது. அரிசியும் மாவும் இறக்குமதியாகும் நாட்டில் அதன் வலி நேராக அடுப்படியில் உணரப்பட்டது.

1982 தேர்தலில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் எதிரணி கைப்பற்றியது; ரிங்காடுவின் பதவியும் போனது. ஆனால் புதிய ஆட்சியாளர்கள் ஏற்றுமதி மண்டலத்தைக் கைவிடவில்லை. 1980-களின் இறுதிக்குள் வேலையின்மை பெருமளவு மறைந்தது. கசப்பு மருந்தைக் கொடுத்தவர் தண்டிக்கப்பட்டார். நோய் தீர்ந்த பெருமை அடுத்தவர்களுக்குச் சென்றது. ஆயினும், எதிரணியிலிருந்து ஆட்சிக்கு வந்த அனிருத் ஜகநாத்தின் காலத்திலேயே, 1986-இல் ரிங்காடு தலைமை ஆளுநரானார். 1992 மார்ச்சில் நாடு குடியரசானபோது அதன் முதல் குடியரசுத் தலைவராகி, சில மாதங்கள் அப்பதவியை வகித்தார். 2000-இல் மறைந்தார்.

அவரது ஆட்சிக்காலத்தில் பிழை இல்லாமல் இல்லை. நல்ல விலை நிரந்தரம் என எண்ணிச் செலவைக் கூட்டியது பெரும்பிழை. ஆனால் அந்தச் செலவில் ஒரு பகுதி பள்ளிகளுக்குச் சென்றது. கரும்பு விலை வீழ்ந்தாலும் கற்ற கல்வி வீழ்வதில்லை. ஒற்றைப் பயிரை நம்பி வாழும் எந்த வட்டாரத்துக்கும் இதில் பாடம் உண்டு. விலை நன்றாக இருக்கும்போதே மாற்று வழியைத் தேட வேண்டும். விலை சரிந்தபின் தேடினால், வழியைக் கடன் கொடுப்பவரே தீர்மானிப்பார்.