உரோமைக்குச் செல்லும் பனிமலைப் பாதை

ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ பணிபுரியும் பிள்ளைகள் தம் பெற்றோரை வரவழைத்து, வாடகைக் காரில் ஆல்ப்ஸ் மலைகளைச் சுற்றிக் காட்டுவது இன்று நம் பங்குக் குடும்பங்களில் புதுமையன்று. ஆனால் அவர்கள் வகுக்கும் பயணத் திட்டங்களில் பெரும்பாலும் ஒரே குறையைக் காண்கிறோம்: ஐந்து நாள்களில் எட்டுக் கணவாய்கள்! இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரமுடையது. ஒரு பக்கத்து ஏற்றத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஓட்டுகிற மகனுக்கு அது வீர விளையாட்டு. பின்னிருக்கையில் செபமாலையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருக்கும் முதிய தாய்க்கோ தலைச்சுற்றலைத் தவிர வேறென்ன நினைவில் நிற்கும்? ஒரே ஒரு கணவாயைத் தேர்ந்து, அதற்கு இரண்டு முழு நாள்களை ஒதுக்குக என்பதே நாம் கூறும் யோசனை. எந்தக் கணவாய் என்று கேட்போர்க்கு, சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் பெரிய புனித பெர்நார்து கணவாயையே சுட்டுவோம்.

ஜெனீவாவிலிருந்து ஏரிக்கரையை ஒட்டிப் புறப்பட்டால், வழியில் புனித மவுரீசியார் மடம் வரும். கி.பி. 515-இல் நிறுவப்பட்ட இம்மடத்தில் துறவு வாழ்வு இன்றளவும் இடையறாது நடந்துவருகிறது. அங்கே ஒரு மணி நேரமாவது தங்குதல் நன்று. அதன்பின் மார்த்தினி என்னும் சிறு நகரம். அங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் சாலை இரண்டாயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறது. இடையில் வரும் ஓர்சியேர் ஊரைக் கவனியாமல் கடந்துவிடலாகாது. அப்பங்கைச் சேர்ந்த சிற்றூரில் 1910-இல் பிறந்தவரே முத்திப்பேறு பெற்ற மோரீஸ் தோர்னே. கணவாய் மடத்தில் துறவியாகச் சேர்ந்து, திபெத்தில் மறைப்பணியாற்றி, 1949-இல் அங்கே ஒரு மலைக்கணவாயில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1993-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

மேலும் ஏறினால், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று 1964-இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை. ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அவ்வழியில் கட்டணம் செலுத்திச் சில நிமிடங்களில் இத்தாலியை அடைந்துவிடலாம். மற்றொன்று பழைய சாலை. கட்டணம் கிடையாது, நேரம் கூடுதலாகும். பெரும்பாலோர் சுரங்கத்துள் நுழைந்துவிடுகின்றனர். வேலையாய்ச் செல்வோர்க்கு அது தகும். விடுமுறைக்கு வந்தவர்க்குத் தகாது.

பழைய சாலையின் உச்சி 2,469 மீட்டர். உரோமையர் காலத்தில் அங்கே யூப்பித்தர் தேவனுக்குக் கோயில் இருந்தது. 990-இல் கான்டர்பரி பேராயர் சிகெரிக் உரோமைக்குச் சென்ற பயணத்தின் வழியும் இதுவே. பனிச்சரிவிலும் கள்வர் கையிலும் வழிப்போக்கர் மடிவதைக் கண்ட அவோஸ்தா மறைமாவட்டத் தலைமைத் திருத்தொண்டர் பெர்நார்து, 1050-ஆம் ஆண்டளவில் உச்சியிலேயே ஒரு விடுதியை நிறுவினார். புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் அதை இன்றும் நடத்திவருகின்றனர். கிறிஸ்து இங்கே ஆராதிக்கப்படுகிறார், இங்கே உணவூட்டப்படுகிறார் என்பது அவர்களது விருதுவாக்கு. 1800 மே மாதத்தில் நெப்போலியன் ஏறத்தாழ நாற்பதாயிரம் வீரரோடு கடந்தபோது அவர்களுக்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இங்கிருந்தே வழங்கப்பட்டன. காப்பாற்ற முடியாதவரும் உண்டு. பனியில் கண்டெடுத்த உடல்களைப் புதைக்கக் குழி தோண்ட இயலாத பாறை நிலமாதலால், விடுதியின் பக்கத்திலேயே பிணக்கொட்டகை ஒன்று இருந்தது. மலையேறியாயிருந்த திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர், 1923-இல் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

குழந்தைகள் கேட்பது நாய்களைப் பற்றியே! இவ்விடுதியின் பாரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகக் கூறுவர். அதன் உருவைப் பெர்ன் நகரத்து அருங்காட்சியகத்தில் காணலாம். கழுத்தில் தொங்கும் மதுப்பீப்பாயோ ஆங்கில ஓவியர் லாண்ட்சீர் 1820-இல் தீட்டிய படத்தால் பரவிய கற்பனை. நாய்களை வளர்க்கும் பொறுப்பு 2005 முதல் மார்த்தினியிலுள்ள அறக்கட்டளையிடம் உள்ளது. கோடையில் சில நாய்கள் மேலே கொண்டுவரப்படுகின்றன.

இனித் திட்டம் பற்றி. பழைய சாலை பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையே திறந்திருக்கும். பனி மிகுந்தால் இதுவும் மாறும். ஆகவே விமானச்சீட்டு வாங்குமுன் நாள்களைத் தீர்மானிக்க வேண்டும். விடுதியில் இரவு தங்க முன்னதாக எழுதி இடம் பெறுதல் அவசியம். குளிர்காலத்திலும் விடுதி திறந்தேயிருக்கும். ஆனால் பனிச்சறுக்குக் கட்டைகளையோ பனிக்காலணிகளையோ அணிந்து நடந்தே அதை அடையலாம். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருத்தல் வேண்டும். எல்லை கடப்பதை வாடகை நிறுவனத்திடம் முதலிலேயே தெரிவிப்பதோடு, சுவிஸ் நெடுஞ்சாலைக்கான 40 பிராங்க் வரிச்சீட்டு காரில் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்க. இதய நோயுள்ள பெரியோர் அவ்வுயரத்தில் இரவு தங்குமுன் மருத்துவரைக் கேட்டல் நலம்.

மாலையில் செபத்திற்கு மணி ஒலிக்கும்போது கோயிலுக்குச் செல்லுங்கள். மொழி பிரெஞ்சாயினும் திருப்பாடல்கள் நமக்கும் உரியவையே. மறுநாள் அவசரமின்றி இறங்குக. அவோஸ்தா 583 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. எனவே இறக்கம் நெடியது. தடையை விடாமல் மிதித்தால் சூடேறிப் பயனற்றுப்போகும். தாழ்ந்த கியரில், சாலையின் வலப்பக்கமாகவே இறங்க வேண்டும். பின்னால் வருவோர் பொறுமையிழந்தால் ஓரம் ஒதுங்கி அவர்களை முன்னே போகவிடுங்கள். நண்பகலுக்குள் அவோஸ்தா வந்துவிடும்.