காணியும் ஒரு கல்வியே

வேலி வழக்கிலே வளவையே இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆயினும், காணியையே பொருளாகக் கொண்ட பட்டப்படிப்பு உண்டென்பதை எம்மவருட் பலர் அறியார். மகன் வைத்தியனாகாவிடின் பொறியியலாளன். அதற்கப்பால் எம் பெற்றோரின் எண்ணம் செல்வதில்லை.

ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலே ஆதன முகாமையும் விலைமதிப்பும் பட்டப்படிப்பாகப் போதிக்கப்படுகின்றன. நில அளவையை விரும்புவோர்க்குச் சப்பிரகமுவ உண்டு.

விலைமதிப்பு தரகரின் வாய்க்கணக்கன்று. அயற்காணிகள் விலைப்பட்ட தொகையை ஒப்பிடுதல், வாடகையிலிருந்து பெறுமதியைக் கணித்தல், கட்டடத்தை இன்று கட்டும் செலவிலே தேய்மானத்தைக் கழித்தல் என்பன அதன் வழிகளுட் சில. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி அரசு காணியைச் சுவீகரிக்கும்போது, நட்டஈட்டுக்கு அடிப்படை சந்தைப் பெறுமதியே. முத்திரை வரிக்கு அஞ்சி உறுதியில் விலையைக் குறைத்தெழுதுவோர் இதனை எண்ணுவதில்லை. நாளை வீதிக்குக் காணி போகும்போது, அக்குறைந்த தொகையே தமக்கும் அயலவர்க்கும் எதிர்ச்சாட்சியாக நிற்கக்கூடும்.

யாழ்ப்பாணத்திலோ சிக்கல் இன்னும் பெரிது. தேசவழமை ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கின்றது. 16 பரப்புக் கொண்ட ஓர் ஏக்கரிலே பிரிபடாப் பங்காளர் பலர். அவருட் சிலர் கடல் கடந்தோர். இவ்வுறுதிகளைப் படித்தறிந்து மதிப்பிட, இம்மண்ணின் வழக்கறிந்த பட்டதாரிகள் வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும் மாணவர், இப்படிப்பின் பெயரையும் ஒருமுறை தேடிப் பார்ப்பாராக.