மலைநாட்டு மழையை மதிப்பிடுதல்

ஆற்றின் வளமும் வெள்ளத்தின் கொடுமையும் மலையிலே பெய்யும் மழையைப் பொறுத்தன. ஆயின் அம்மழையின் அளவைச் செவ்வனே அறிதல் எளிதன்று. ஐந்து அங்குல விட்டமுடைய மழைமானியின் வாய் ஏறக்குறைய 127 சதுர சென்ரிமீற்றர் பரப்பே உடையது. மலைப்பிரதேசங்களில் 250 சதுர கிலோமீற்றருக்கு ஒரு மழைமானியேனும் வேண்டுமென உலக வளிமண்டலவியல் நிறுவனம் விதந்துரைத்துள்ளது. இக்குறைந்த எல்லையையும் எட்டாத மலைநாடுகள் பல. எனவே சிற்றளவைக் கொண்டு பேரளவை உய்த்துணரவேண்டிய நிலையில் நாம் உள்ளோம்.

சமவெளியில் இவ்வுய்த்துணர்வு பெரும்பாலும் பிழைபடாது; மலையிலோ பிழைபடும். ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையைப் பொழிகின்றது. மறுபுறம் இறங்குங்கால் வெப்பமுற்று வறள்கின்றது. இலங்கையின் மத்திய மலைநாடு இதற்கு ஏற்ற சான்றாகும். தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்கொள்ளும் வட்டவளை ஆண்டிற்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுகின்றது. அங்கிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்திலே, அதனினும் உயரமான இடத்தில் அமைந்த நுவரெலியா பெறுவது ஏறக்குறைய 1,900 மில்லிமீற்றரே. ஆகவே, உயரம் கூடக் கூட மழையும் கூடும் என்ற விதி மட்டும் போதாது; சரிவு எத்திசையை நோக்கியது, காற்று எத்திசையினின்று வீசுவது என்பனவும் ஆராயப்படல் வேண்டும்.

மழைமானிகள் பெரும்பாலும் ஆட்கள் சென்று பார்த்தற்கு எளிதான பள்ளத்தாக்குகளிலேயே அமைவதனால் வேறோர் இடரும் விளைகின்றது. 100 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நீரேந்து பிரதேசம் ஒன்றைக் கற்பனை செய்வோம். அதில் 20 சதுர கிலோமீற்றர் பள்ளத்தாக்கு; அங்கே மூன்று மழைமானிகள் ஒவ்வொன்றும் 2,000 மில்லிமீற்றர் காட்டுகின்றன. எஞ்சிய 80 சதுர கிலோமீற்றர் சரிவில் உள்ள ஒரே மானி 4,000 காட்டுகின்றது. நான்கையும் கூட்டி வகுத்தால் வருவது 2,500. பரப்பிற்கேற்ப நிறையளித்துக் கணித்தால் வருவதோ 3,600. வேறுபாடாகிய 1,100 மில்லிமீற்றர், இப்பரப்பில் 11 கோடி கன மீற்றர் நீராகும்!

பரப்பிற்கேற்ப நிறையளிக்கும் முறையொன்றைத் தீசன் என்பார் 1911 இல் வெளியிட்டார். ஒவ்வோரிடத்துக்கும் அண்மையிலுள்ள மானியின் அளவே உரியதெனக் கொள்ளும் அம்முறை, இடையே நிற்கும் மலைமுகட்டைக் காண்பதில்லை. சமமழைக் கோடுகளை வரையும் முறையில் மலையமைப்பையும் காற்றின் போக்கையும் கருத்திற் கொள்ளலாம். எனினும் வரைபவரின் அறிவே அதன் செம்மைக்கு எல்லையாகும். மேலும், முகடுகளில் வீசும் கடுங்காற்று துளிகளை மானியின் வாய்க்கு அப்பாற் செலுத்துவதனால், மானி காட்டும் அளவும் உண்மையிற் குறைந்ததே.

புதிய கருவிகளும் இக்குறையை முற்றாக நீக்கவில்லை. ரேடாரின் அலைகளை மலைகள் மறைக்கின்றன. 1997 முதல் 2015 வரை இயங்கிய வெப்பமண்டல மழை அளவீட்டுச் செய்ம்மதியும், 2014 இல் ஏவப்பட்ட அதன் வழித்தோன்றலும் பேருதவி புரிந்துள்ளன. ஆயினும் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் அகலமுள்ள கட்டங்களாகத் தரப்படும் அவற்றின் மதிப்பீட்டில், முகட்டின் இருபுறத்து மழையும் ஒன்றாகக் கலந்துவிடலாம். அவற்றைத் திருத்துதற்கும் தரையிலுள்ள மானியே வேண்டும்.

இம்மதிப்பீடுகளைச் சோதிக்கும் நடுவர் யார்? ஆறே எனலாம். ஓராண்டு மழை, ஆற்றில் ஓடிய நீரும் ஆவியாகிச் சென்ற நீரும் நிலத்தில் தங்கிய நீரும் சேர்ந்த அளவிற்கு ஈடாதல் வேண்டும். மேற்கூறிய பிரதேசத்தில் ஆற்றோட்டம் மட்டும் 2,600 மில்லிமீற்றருக்குச் சமமாயின், 2,500 என்ற சராசரி பொய்யென்பது வெளிப்படை.

இது வெறும் கணக்கன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் பெருமழையால் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்புகளைப் புதைத்தது. மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையின் அளவே முதன்மையான ஆதாரம். பள்ளத்தாக்கின் மானியை மட்டும் நம்பி மேற்சரிவின் மழையைக் குறைத்து மதிப்பிடின், எச்சரிக்கை பிந்தும். ஆதலின், எளிதிற் செல்லத்தக்க இடத்தில் மேலும் ஒரு மானியை நாட்டுவதினும், எட்டாத மேற்சரிவில் ஒன்றை நாட்டிப் பேணுதலே பெரும்பயன் தருவதாகும்.