ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருஷம்?

ஆயக்குடிக் கொய்யாவுக்குத் தனிப் பெயர் உண்டு. பழனி மலைக்கு வந்து திரும்புகிறவர்கள், திண்டுக்கல் ரோட்டில் இரண்டு கிலோவாவது வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல் போகமாட்டார்கள். காலையில் தோட்டங்களிலிருந்து கூடை கூடையாகப் பழம் சந்தைக்கு வரும். விலை பேசி முடிந்து, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு முதலில் மழையைப் பற்றி இருக்கும், பிறகு அரசியல், பிறகு எப்படியோ கோர்ட்டு, ஜெயில் என்று வந்து நிற்கும்.

"ஏண்ணே, தூக்குன்னு பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டாங்க. அப்புறம் தூக்கு இல்லேன்னாங்க. இதுல எதை நம்பறது?"

"ஆயுள்னா பதினாலு வருஷம்தான் தம்பி. அதுலயும் கழிவு, பரோல்னு போயிடும். பத்து வருஷத்துல வீட்டுக்கு வந்துடுவான்."

இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் பழனி வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது.

உடுமலை பஸ் நிலையம்

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தின் அருகே பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு வாலிபரும் அவருடைய இளம் மனைவியும் அரிவாளால் வெட்டப்பட்டனர். வாலிபர் குமாரலிங்கத்தைச் சேர்ந்த சங்கர், வயது 22, என்ஜினீயரிங் மாணவர், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். மனைவி கவுசல்யா பழனியைச் சேர்ந்தவர், வேறு சாதி. இருவரும் காதலித்து 2015 ஜூலையில் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சங்கர் இறந்தார். தலையில் வெட்டுப்பட்ட கவுசல்யா பிழைத்தார். கடைக் காமிரா ஒன்றில் எல்லாம் பதிவாகியிருந்தது. நாடு முழுவதும் அதைப் பார்த்தது.

கவுசல்யா, பெற்றோருக்கு எதிராகவே கோர்ட்டில் சாட்சி சொன்னார்.

2017 டிசம்பர் 12-ந் தேதி திருப்பூர் செஷன்ஸ் நீதிபதி அலமேலு நடராஜன் தீர்ப்பு அளித்தார். கவுசல்யாவின் தந்தை உள்பட ஆறு பேருக்குத் தூக்கு. ஒருவருக்கு ஆயுள் தண்டனை; இன்னொருவருக்கு ஐந்து வருஷம். தாயார் உள்பட மூன்று பேர் விடுதலை. சாதி வெறிக் கொலைக்கு இப்படியும் தண்டனை உண்டா என்று வியந்தவர்கள் பலர்.

இரண்டரை வருஷம் சென்றது. 2020 ஜூன் 22-ந் தேதி சென்னை ஐகோர்ட்டில் நீதிபதிகள் சத்தியநாராயணன், நிர்மல்குமார் ஆகியோர் வேறு தீர்ப்பு அளித்தார்கள். தந்தை விடுதலை. மற்ற ஐந்து பேரின் தூக்கு, ஆயுள் தண்டனை ஆயிற்று. ஆயுள் தண்டனையும் ஐந்து வருஷமும் பெற்றிருந்த இருவரும் விடுதலை.

"பணம் இருக்கிறவனுக்குச் சட்டம் வேற" என்று சொன்னவர்கள் உண்டு. "கொன்னவனுக்கு என்னய்யா உரிமை?" என்று கேட்டவர்களும் உண்டு. கோபம் வருவது இயற்கை. ஆனால் அன்று நடந்தவை இரண்டு தனித்தனிக் காரியங்கள். ஒன்று, சதி செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள் மீது சாட்சியம் போதவில்லை என்பது. மற்றொன்று, வெட்டியவர்கள் குற்றவாளிகளே, ஆனால் அவர்களுக்குத் தூக்கு வேண்டியதில்லை என்பது. முதலாவது சலுகை அல்ல. நிரூபிக்கப்படாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாது என்பதுதான் அது. சந்தையில் நிற்கிற எவரும் நாளை பொய் வழக்கில் சிக்கினால் அதையேதான் கேட்பார்.

ஐகோர்ட்டுக்கு ஏன் போக வேண்டும்?

செஷன்ஸ் நீதிபதி தூக்கு என்று எழுதிய உடனே கயிறு தயாராகிவிடுவதில்லை. ஐகோர்ட்டு ஊர்ஜிதம் செய்தால்தான் அந்தத் தண்டனை செல்லும். குற்றவாளி அப்பீல் செய்யாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் கட்டு தானாகவே ஐகோர்ட்டுக்குப் போகும். அங்கே இரண்டு நீதிபதிகளாவது சாட்சியத்தை அடியிலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். உயிரை எடுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதனால் வந்த ஏற்பாடு இது.

மும்பையில் கூட்டங் கூட்டமாக ஜனங்களைச் சுட்ட அஜ்மல் கசாப்புக்கும் வக்கீல் வைத்துத்தான் வழக்கு நடந்தது. அவனுக்கு எதற்கு வக்கீல் என்று அன்றும் முணுமுணுத்தார்கள். வக்கீல் வாதாடினார், சுப்ரீம் கோர்ட்டு கேட்டது, 2012 நவம்பர் 21-ல் தூக்கு நிறைவேறியது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவன் ஆட்டோ சங்கர். 1995 ஏப்ரல் 27-ல், சேலம் மத்தியச் சிறையில்.

ஆக, குற்றவாளிக்கு உரிமை இருப்பதில் தவறு இல்லை. ஜனங்களின் ஆத்திரத்தில் நியாயமான பங்கு வேறோர் இடத்தில் இருக்கிறது.

தீவாந்திரம் போனவர்கள்

"பதினாலு வருஷம்" எங்கிருந்து வந்தது?

பழைய காலத்தில் இதற்குத் தீவாந்திர சிட்சை என்று பெயர். கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்புவார்கள். அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கி, 1956 ஜனவரி முதல் 'ஆயுள் சிறை' என்று மாற்றினார்கள். பெயர்தான் மாறியது; எத்தனை வருஷம் என்ற குழப்பம் மாறவில்லை. பழைய இந்தியன் பீனல் கோடில் ஆயுளை 20 வருஷமாகக் கணக்கிடலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அது தண்டனையில் கால் பங்கு, அரைப் பங்கு என்று பின்னம் பிரிப்பதற்கு மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார். அவர் கோபால் கோட்சே. காந்திஜி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர், நாதுராமின் தம்பி. நன்னடத்தைக் கழிவையும் சேர்த்தால் 20 வருஷம் முடிந்துவிட்டது, விடுங்கள் என்றார். 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு முடியாது என்றது. ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான். அரசாங்கம் முன்வந்து குறைத்தால்தான் குறையும் என்று தீர்ப்பாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், கோர்ட்டு மறுத்ததை அரசாங்கம் கொடுத்தது. 1964 அக்டோபரில் கோட்சே விடுதலையானார். அடுத்த மாதமே புனாவில் அவருக்கு வரவேற்பு விழா நடக்க, நாடே கொதித்தது.

பதினாலு வருஷம் பிறகு வந்தது. மரண தண்டனைக்குரிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவனைக் குறைந்தது 14 வருஷம் முடியும் முன் விடக்கூடாது என்று 1978 டிசம்பரில் சட்டத் திருத்தம் செய்தார்கள். அதாவது பதினாலு என்பது அடிமட்டம். ஜனங்கள் அதையே உச்சவரம்பு என்று எண்ணிக்கொண்டார்கள்.

2008-ல் சிரத்தானந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நடுவழி ஒன்று கண்டது. தூக்கு அதிகம், வெறும் ஆயுள் போதாது என்று தோன்றினால், இத்தனை வருஷம் கழிவே இல்லை என்றோ சாகும்வரை வெளியே விடக்கூடாது என்றோ கோர்ட்டே எழுதலாம். 2015 டிசம்பரில் அரசியல் சாசன பெஞ்சு இதை ஏற்று, அந்த அதிகாரம் ஐகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் மட்டுமே உண்டு என்றது. சங்கர் வழக்கில் ஐந்து பேருக்கும் கிடைத்தது இந்த மாதிரித் தண்டனைதான். 25 வருஷத்துக்குக் கழிவே இல்லை. டீக்கடைக் கணக்கில் இது சேரவில்லை.

பிறந்த நாள் விடுதலை

இப்போது தர்மபுரிக்கு வருவோம். 2000 பிப்ரவரி 2. ஜெயலலிதாவுக்கு ஓட்டல் வழக்கில் தண்டனை விதிக்கப்பட்ட நாள். இலக்கியம்பட்டியில், கோவை விவசாயப் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா சென்று திரும்பிய பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். கோகிலவாணி, காயத்திரி, ஹேமலதா ஆகிய மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள்.

மூன்று பேருக்கு 2007-ல் சேலம் கோர்ட்டு தூக்கு விதித்தது. ஐகோர்ட்டு ஊர்ஜிதம் செய்தது. 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஊர்ஜிதம் செய்தது. பிறகு மறு ஆய்வில், 2016 மார்ச்சில், கும்பல் வெறியில் நடந்தது என்று கூறி ஆயுளாகக் குறைத்தது. இதுவரை கோர்ட்டு, வாதம், பிரதிவாதம், காரணம் எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன.

அதற்கடுத்த படி கோர்ட்டில் நடக்கவில்லை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, பத்து வருஷம் முடித்த ஆயுள் கைதிகளை விடுவிக்க அரசாங்கம் 2018 பிப்ரவரியில் உத்தரவு போட்டது. பதினாலு எப்படிப் பத்து ஆயிற்று? அரசியல் சாசனத்தின் 161-வது ஷரத்தின்படி கவர்னருக்குள்ள மன்னிப்பு அதிகாரத்தை அந்தப் பதினாலு வருஷச் சட்டம் கட்டுப்படுத்தாது. கவர்னர் முதலில் பைலைத் திருப்பி அனுப்பினார். அரசாங்கம் மறுபடி சிபாரிசு செய்தது. 2018 நவம்பர் 19-ல் மூவரும் வேலூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார்கள்.

ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் அந்த உத்தரவால் வீடு திரும்பினர். அவர்களில் திருந்தியவர்கள், வயோதிகர்கள், ஜெயிலிலேயே வாழ்க்கை தேய்ந்தவர்கள் எத்தனையோ பேர். மனிதன் திருந்துவான் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ஜெயிலில் தறியும் பள்ளிக்கூடமும் எதற்கு? விடுதலையே கூடாது என்று சொல்வது அறிவீனம். ஆனால் ஒருவன் திருந்தினானா என்பதற்கும், ஒரு தலைவர் எந்தத் தேதியில் பிறந்தார் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

பெண்ணைப் பறிகொடுத்த வீட்டைக் கேட்டார்களா?

கேட்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தண்டித்த நீதிபதியின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம் என்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் என்ற ஆளையே குற்றவியல் சட்டம் வெகுகாலம் சாட்சிக் கூண்டோடு அனுப்பி வைத்தது. 2009 டிசம்பர் 31 முதல்தான் அவருக்கென்று அப்பீல் உரிமை வந்தது. குற்றவாளியை விட்டுவிட்டால் அப்பீல் செய்யலாம், நஷ்ட ஈடு குறைந்தாலும் செய்யலாம். தண்டனை குறைவு என்று அப்பீல் செய்ய இயலாது. அதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். சங்கர் வழக்கிலும் தமிழக அரசாங்கம்தான் சுப்ரீம் கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்தது.

ஆனாலும் கதவு முழுக்க அடைபட்டுவிடவில்லை. 2002 குஜராத் கலவரத்தில் பில்கிஸ் பானுவைக் கற்பழித்து, அவர் குடும்பத்தாரைக் கொன்றதற்காக 11 பேர் ஆயுள் தண்டனை அனுபவித்து வந்தார்கள். 2022 ஆகஸ்டு 15-ல் குஜராத் அரசாங்கம் அவர்களை விடுவித்தது. வெளியே மாலையும் மிட்டாயும் காத்திருந்தன. பில்கிஸ் பானுவே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடந்தது மகாராஷ்டிரத்தில். விடுவிக்கும் அதிகாரம் குஜராத்துக்கு இல்லை என்று 2024 ஜனவரி 8-ல் தீர்ப்பாயிற்று. இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. கூடுதல் அவகாசம் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஜனவரி 21 இரவு, 11 பேரும் கோத்ரா ஜெயிலில் வந்து சரணடைந்தார்கள்.